முதலில் ரயில், பிறகு மனை: பெருநகரத் திட்டக்காரர்களுக்கு ஓர் ஆவண எழுத்தரின் மடல்

பெறுநர்: சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், மூன்றாம் முழுமைத் திட்டத்தை வரைந்துகொண்டிருக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

ஐயா, அம்மா, வணக்கம்.

தெற்குப் புறநகரில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவன் நான். 1983இல் வேப்பமரத்தடியில் ஒரு மேசைக்குப் பின்னால் கையாளாக உட்கார்ந்தேன். இப்போது கணினியும் பிரிண்டருமாகப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பொறியியல் படித்தவன் அல்லன். போக்குவரத்துத் திட்டமிடல் என்று ஒரு படிப்பு இருப்பதே என் மகள் சொல்லித்தான் தெரியும். ஆனாலும் உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. நீங்கள் வரைபடத்தில் இழுக்கிற கோடு முதலில் வந்து விழுகிற இடம் என் மேசைதான்.

ஒரு தடம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய வாரமே வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்ற சான்று, கேட்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அதுவரை யாரும் சீந்தாத சர்வே எண்ணுக்கு ஒரே நாளில் மூன்று பேர் வில்லங்கம் போட்டால் அங்கே ஏதோ வருகிறது என்று பொருள். செய்தித்தாளில் அது பிறகுதான் வரும். அரசாணை அதற்கும் பிறகு.

பத்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி நான்கெல்லை. விலையில் மறைப்பார்கள், வாரிசு விவரத்தில் மறைப்பார்கள். நான்கெல்லையில் மறைப்பது கடினம். ஒரே மனையின் மூல பத்திரத்தையும் நடப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஊர் வளர்ந்த கதை தெரிந்துவிடும். சென்ற மாதம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். 1964ஆம் ஆண்டுப் பத்திரத்தில், ‘ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, இன்னாருடைய நஞ்சைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, களத்துமேட்டுக்கு மேற்கு, இதன் மத்தியில் அடங்கிய’ என்று இருந்தது. 1989இல் வடக்கிலும் கிழக்கிலும் மனை எண்கள் வந்துவிட்டன. வண்டிப்பாதை 20 அடி ரோடாகிவிட்டது. வாய்க்கால் மட்டும் வாய்க்காலாகவே இருந்தது. இப்போது எழுதித் தரச் சொல்லிக் கொண்டுவந்த குறிப்பில் அந்த வாய்க்காலும் ‘30 அடி ரோடு’. இந்த மாற்றத்தைத் தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஐப்பசி, கார்த்திகையில் அது 1964 பத்திரத்தின்படியே வந்து நிற்கிறது.

இந்த நாற்பது ஆண்டுச் சொச்சத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு பகுதிக்கு வண்டி முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்பதைப் பொறுத்தே அந்தப் பகுதியின் தலையெழுத்து அமைகிறது. இரண்டும் எப்படியும் வந்துவிடும், முன்னே பின்னே ஆனால் என்ன என்று உங்கள் கோப்புகள் நினைப்பதாகத் தோன்றுகிறது. அந்த முன்னே பின்னேதான் எல்லாம்.

தெற்குப் புறநகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 29 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் தடம். அந்தக் காலத்தில் சைதாப்பேட்டையைத் தாண்டினால் பெரும்பாலும் வயல், ஏரி, தாங்கல். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவக் குடியிருப்பு. குரோம்பேட்டையில், அந்தப் பெயருக்கே காரணமான குரோம் தோல் தொழிற்சாலை. இவ்வளவு குறைவான ஆட்களை நம்பி மின்சார ரயில் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் கேட்டிருந்தால், பயணிகள் போதாது என்று இருநூறு பக்க அறிக்கை வந்திருக்கும்.

அந்த ரயிலுக்குப் பின்னால்தான் மனைகள் வந்தன. நங்கநல்லூர், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று ஒவ்வொன்றாக. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் சீசன் டிக்கெட்டை நம்பி ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு என்று வாங்கினார்கள். என் அப்பாவும் அப்படி வாங்கியவர்தான். அவருக்கு மனை காட்டிய தரகர் நிலத்தைக் காட்டுவதற்கு முன் ஸ்டேஷனில் இறக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனாராம். பன்னிரண்டு நிமிடம் ஆனதாக அப்பா சொல்வார். தரகர் ‘பத்து’ என்று சாதித்தாராம். அந்த இரண்டு நிமிடத்துக்காக விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கினார். இன்றுவரை எங்கள் தெருவில் விலை பேசுகிறவர்கள் நிமிடக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

நிமிடக் கணக்கு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஊரின் வடிவத்தை வரைந்ததே அதுதான். ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். இறங்குகிறவர் நடக்க வேண்டும். எனவே நிலையத்து வாசலில் பூக்கடை, காய்கறி, டீக்கடை, தையல் கடை, மருந்துக்கடை. அதற்கு அடுத்த வளையத்தில் நெருக்கமான வீடுகள். அதற்கும் அப்பால் தோட்டம் வைத்த வீடுகள். நிலையத்தைச் சுற்றி ஊர் திரண்டது, நூலில் கோத்த மணிபோல ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம் என்று சொந்தமாக ஒரு மையம் இருந்தது. மாம்பலம் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவை யாரும் திட்டமிட்டு வணிக மையம் ஆக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கிய கால்கள் ஆக்கின. கூட்டம் தாங்காமல் 2023இல் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம்வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை போட வேண்டியிருந்தது. நடந்து போகிறவர்களுக்கென்று இந்த ஊரில் போட்ட உருப்படியான பாதைகளில் ஒன்று.

ரயில் எல்லாவற்றையும் நன்மையாகவே செய்தது என்று சொல்ல வரவில்லை. தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளக்கவும் செய்யும். கேட் மூடிக்கிடந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கமும் பெண் வீட்டார் இந்தப் பக்கமும் நின்ற கல்யாணம் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. மழை பெய்தால் சுரங்கப்பாதை குளமாகும். அதெல்லாம் இருக்கட்டும்.

இதே நகரத்தில் இன்னொரு ரயில் இருக்கிறது. பறக்கும் ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை வந்தது, 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. அதற்கப்புறம் பரங்கிமலையை எட்ட 5 கிலோமீட்டர்தான் பாக்கியிருந்தது. அந்த வேலையில் ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான தகராறில், பத்தாண்டுகளுக்கு மேல் தூண்கள் அந்தரத்தில் நின்றன. அவ்வளவு நீளத்துக்குத் தூண் நிறுத்திவிட்டு அரை கிலோமீட்டருக்குக் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது என்றால், நிலத்தைப் பற்றி யோசிக்காமல் தடத்தைப் பற்றி மட்டும் யோசித்தார்கள் என்றுதான் என்னைப்போன்ற ஆள் முடிவுகட்டுவான்.

ஆனால் அதைவிடப் பெரிய பிழை அந்தத் தடம் போன வழி. பெருமளவு பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே தூண் நட்டுக் கொண்டுபோனார்கள். காரணம் எளிது. கால்வாய் அரசு நிலம். யாரிடமும் கேட்க வேண்டாம், இழப்பீடு தர வேண்டாம். நிலம் சும்மா கிடைத்த இடத்தில் ரயில் போனதே தவிர, ஆட்கள் நடமாடும் இடத்துக்குப் போகவில்லை. கால்வாய்க்கரை என்பது எப்போதுமே ஊரின் முதுகு. வீடுகளும் கடைகளும் அதற்குப் புறம் காட்டித்தான் நிற்கும். முதுகுப்பக்கம் நிலையம் கட்டினால் கடைத்தெரு எப்படி வரும்?

அந்தத் தடத்தில் ஒரு நிலையத்தில் போன ஆவணியில் ஒரு நாள் மாலை ஆறேகாலுக்கு இறங்கினேன். நடைமேடையிலிருந்து கீழே வர இரண்டு மாடி. நடுவில் ஒரு தளம், கல்யாண மண்டபம் நடத்தலாம் அவ்வளவு பெரிது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் ஒன்று, உறங்கும் நாய் மூன்று, எரிகிற குழல்விளக்கு இரண்டு. என்னோடு இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராகப் போகாமல் நான்கைந்து பேர் சேர்ந்த பிறகே படியிறங்கினார்கள். வெளியே வந்தால் கால்வாய் ஓரம் ஒரு சந்து. அதில் 240 எட்டு நடந்த பிறகுதான் பெரிய சாலை, அதைக் கடந்து இன்னும் 190 எட்டு நடந்தால் பஸ் நிறுத்தம். எண்ணிக்கொண்டேதான் போனேன். அந்த 430 எட்டில் ஒரு வெற்றிலைபாக்குக் கடைகூட இல்லை. பழைய நிலையங்களின் வாசலில் இதே தூரத்துக்குள் ஒரு மாதத்து வீட்டுச் சாமானையே வாங்கிவிடலாம்.

ரயில் வந்தால் ஊர் தானாக வளரும் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த நிலையத்தைக் காட்டுவேன். ரயில் மட்டும் போதாது. அதன் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, வாசலைச் சுற்றியுள்ள நிலம் யார் கையில் இருக்கிறது, அதில் என்ன கட்ட அனுமதி என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது பழைய மாமல்லபுரம் சாலை. இங்கே வரிசை முற்றிலும் தலைகீழ். 2000இல் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்தது. பிறகு மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரிவரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை. சாலையின் குணம் வேறு, ரயிலின் குணம் வேறு. சாலை எங்கே வேண்டுமானாலும் இறங்கவிடும், கார் வைத்திருப்பவரை. ஆகவே கட்டடம் மணியாகத் திரளாமல் நாடாபோல நீண்டது. நாவலூரிலும் படூரிலும் பதினைந்து மாடிக் குடியிருப்பு முதலில் எழுந்தது. குடிநீர் லாரியில் வந்தது. வேலைக்குப் போக கம்பெனி பஸ். கம்பெனி பஸ் இல்லாத வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் காவலாளிக்கும் ஷேர் ஆட்டோ. அந்த நெடுஞ்சாலையில் ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது.

ஷேர் ஆட்டோக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மக்கள் எங்கிருந்து எங்கே போக விரும்புகிறார்கள் என்று அறிய நீங்கள் கணக்கெடுப்பு நடத்துகிறீர்கள். அந்த வரைபடம் ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கிறது. எந்த முனையில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கணக்காகத் தெரியும். நாலு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்போது அந்தச் சாலையின் மேலே மெட்ரோ வருகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்வரை. இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களில் ஒன்று அது. மூன்றும் சேர்ந்து 118.9 கிலோமீட்டர், திட்ட மதிப்பு 63,246 கோடி ரூபாய். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் வீடும் அலுவலகமும் அடைத்துக்கொண்ட பிறகு வருகிற ரயில் ஊரை உருவாக்காது. இருக்கிற நெரிசலுக்கு மருந்து போடும், அவ்வளவுதான். மருந்தின் விலையும் கூடுதல். நிலம் விலையேறிய பின் வாங்க வேண்டும், ஓடுகிற சாலையை அடைத்துத் தூண் நட வேண்டும். 1931இல் வயலில் தண்டவாளம் போட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், பெண் பிறந்தவுடன் நகைக்குச் சேர்ப்பதற்கும் முகூர்த்தத்துக்கு முதல் வாரம் கடன் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

தாம்பரம் ரயில் தடம் ஒருபுறம், மாமல்லபுரம் சாலை மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களானால் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும், அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஏரிகளின் தொடரும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்துக்கு 1947இல் ஒரு திட்டம் போட்டார்கள் என்று என் மகள் காட்டினாள். விரித்த கைபோல ஒரு வரைபடம். உள்ளங்கை பழைய நகரம். ஒவ்வொரு விரலும் ஒரு ரயில் தடம், வீடுகள் அந்த விரலோடு ஒட்டியே. விரல்களின் இடைவெளி வயலாகவும் காடாகவும் பசுமையாக இருக்க வேண்டும். பார்த்தவுடன் எனக்கு நம்மூர் ஞாபகம்தான் வந்தது. யாரும் வரையாமலேயே நமக்கும் அப்படி ஒரு கை அமைந்திருந்தது. தெற்கே தாம்பரம் தடம், மேற்கே ஆவடித் தடம், வடக்கே கும்மிடிப்பூண்டித் தடம். இடைவெளியில் ஏரிகள். நாம் செய்தது என்ன? விரல்களுக்கு இடையே சாலை போட்டோம். துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலை சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சாலைக்குப் பின்னால் மனை, மனைக்குப் பின்னால் அடுக்குமாடி. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மிஞ்சியதற்காவது ஒரு பெயர் கிடைத்தது. அந்த 200 அடி சாலையை வரைந்தவர் வாகன நெரிசலை மட்டும் மனத்தில் வைத்து வரைந்திருப்பார். அவர் பேரில் குற்றமில்லை. ஒரு சாலை வரைந்தால் அதன் இருபுறமும் என்ன முளைக்கும் என்று கேட்கிற அதிகாரம் அவர் மேசைக்கு இல்லை. உங்கள் மேசைக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். ஆற்றங்கரையில் குடிசையில் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தின் தெற்குக் கோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டவர். கையில் ஒதுக்கீட்டு ஆணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

“ஐயா, இந்த வீட்டை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய பக்கத்தில் ஓர் அறை வாடகைக்குப் பிடிக்க முடியுமா?” என்று கேட்டார்.

முடியாது, ஒதுக்கீட்டு வீட்டை அப்படி விற்க முடியாது என்று சொன்னேன். சொந்த வீட்டை விட்டு ஏன் போக வேண்டும் என்றும் கேட்டேன்.

“வீடு நல்ல வீடுதான் ஐயா. தண்ணீர் வருகிறது, கதவு இருக்கிறது, மழைக்கு ஒழுகவில்லை. ஆனால் வேலைக்கு எப்படிப் போவது?”

முன்பு மூன்று வீடுகளில் வேலை பார்த்திருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பால் வாங்கிக் கொடுப்பதில் தொடங்கி எல்லாமே பத்து நிமிட நடைக்குள். இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். ஆறு மணி வீடு முதலில் போயிற்று, வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் மாலை வீடும் போயிற்று. மிஞ்சியது ஒன்று. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம் என்பது தனக்குப் பெரிய உதவி என்று அவரே சொன்னார். ஆனால் அந்த பஸ் வரும்வரை மற்ற பஸ்களை விட்டுவிட்டு நிற்க வேண்டும். “காசு மிச்சம் ஐயா. பொழுதுதான் போய்விடுகிறது.”

அன்றைக்கு அவரிடம் நான் கட்டணம் வாங்கவில்லை. எழுத ஒன்றும் இருக்கவுமில்லை.

கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் இன்னும் சில ஆயிரம். தமிழ்நாட்டில் பல நகராட்சிகளின் மக்கள்தொகைக்கு ஈடான கூட்டத்தை, சென்னையின் நடுவில் வேலை இருந்த மக்களை, ரயில் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். அங்கே நிலம் மலிவு, அதனால் வைத்தோம். நிலம் ஏன் மலிவு? ரயில் இல்லை, அதனால் மலிவு. பறக்கும் ரயிலைக் கால்வாயில் கொண்டுபோன அதே கணக்குதான் இது. மலிவான நிலத்தைத் தேடிப் போய், மீதித் தொகையை அந்தப் பெண்மணியின் பொழுதிலிருந்து வசூலிக்கிறோம். இரண்டாம் கட்டத்தில் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு ஒரு தடம் வருகிறது. நல்லது. அந்தக் குடியிருப்பின் கடைசிக் கட்டடத்திலிருந்து நிலையத்துக்கு நிழலோடு ஒரு நடைபாதையும், அதிகாலை நாலரைக்கு ஒரு சிற்றுந்தும் உங்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா?

கிளாம்பாக்கத்தை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடக்கிறேன்: சுமார் 88 ஏக்கரில் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தோம், பக்கத்திலேயே ஓடும் தண்டவாளத்தில் ரயில் நிற்க அன்று ஒரு நிலையம் இல்லை.

உங்களில் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் வந்தது. முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் நான் எழுதிய கிரயப் பத்திரங்களை அடுக்கினால் என் அறைக் கூரையை முட்டும். அவ்வளவு நிலமும் கைமாறி, அவ்வளவு வீடும் எழுந்த பிறகு உட்கார்ந்திருக்கிறீர்கள். போனது போகட்டும். பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறது அரசு. அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்தப் புதிய பரப்பில் பெரும்பகுதி இன்னும் நஞ்சையும் புஞ்சையும் தான். 1931இல் பல்லாவரமும் தாம்பரமும் இருந்த நிலையில் இன்று அந்த நிலங்கள் இருக்கின்றன. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. மூன்றாவதை எழுதுகிற பேனா உங்கள் கையில். இன்னொரு முறை வரிசையைச் சரியாகப் போட வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது இதுதான். புதிய பரப்பில் எங்கே தடம் வரும், எங்கே நிலையம் வரும் என்பதை முதலில் முடிவுசெய்து சர்வே எண்ணோடு அறிவியுங்கள். அறிவித்த அன்றே, ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் இருக்கிற அரசு நிலத்தை, புறம்போக்கோ துறை நிலமோ எதுவாயினும், விற்பதற்கில்லை என்று பதிவுத்துறைக்கு எழுதிவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கைத் தொடவே வேண்டாம், அது தண்ணீருக்கு. மற்ற நிலத்தில் வாடகை வீடு கட்டுங்கள். கோபுரமாகக் கட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதில் ஒரு பங்கு ஆற்றங்கரையிலிருந்து எழுப்பப்படுகிறவர்களுக்கு. நிலையத்து வாசலில் கோபுரம் கட்டிப் பணக்காரரை வைத்து, பஸ் இல்லாத இடத்தில் கோபுரம் கட்டி ஏழையை வைக்கிற வழக்கத்துக்கு ஒரு முடிவு வேண்டும். கார் இருக்கிறவர் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்.

தடத்தை முன்கூட்டியே அறிவித்தால் விலை ஏறிவிடுமே என்பீர்கள். இப்போது மட்டும் ஏறாமல் இருக்கிறதா? உங்கள் ரகசியம் உங்கள் அலுவலகத்துக்கு வெளியே பொதுமக்களுக்கு மட்டும்தான் ரகசியம். தரகருக்கு இல்லை. ஏறுகிற விலையில் அரசுக்கு என்ன பங்கு என்பதே கேள்வி. வாங்குகிறவரிடம் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் அரசு வாங்குகிறது. பிள்ளையின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் அரை கிரவுண்டு வாங்குகிறவரும் இதைக் கட்டுகிறார். ஆனால் நிலையம் வருவதற்கு முன் பத்து ஏக்கர் வளைத்துப் போட்டவருக்குக் கிடைக்கிற லாபம் அவருடைய உழைப்பால் வந்ததன்று, உங்கள் கோட்டால் வந்தது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கே நிலையத்தின் மேலும் சுற்றியும் கட்டுகிற உரிமையைக் கொடுக்கிறார்கள், ரயில் வருவதற்கு முன்பிருந்த நில மதிப்பில். ரயில் வந்ததும் ஏறுகிற மதிப்பு ரயிலுக்கே திரும்புகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே நிலம் முழுக்க அரசுடையது, இங்கே ஒரு சர்வே எண்ணுக்கு எட்டு வாரிசு. ஆனால் அரசு நிலம் இருக்கிற இடத்திலாவது செய்யலாமே.

அரசு நிலம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள், பட்டியல் போடுவேன். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர். அதற்கு எடுத்த நிலத்தில் 50 மீட்டர் அகலப் பட்டை வளர்ச்சிக்கென்றே ஒதுக்கி வைத்ததுதான். கோயம்பேட்டில் தென்மாவட்டப் பேருந்துகள் வெளியேறிய பிறகு காலியான இடம், மெட்ரோ வாசலிலேயே. பறக்கும் ரயில் நிலையங்களின் காலித் தளங்கள். இவற்றை ஏலம் விட்டு இன்னொரு வணிக வளாகம் கட்டத்தான் முதலில் யோசனை வரும். வாடகை வீடு, குழந்தைகள் காப்பகம், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி என்று யோசிப்பவர் உங்களுக்குள் ஒருவராவது இருப்பார். கூட்டத்தில் அவரைக் கொஞ்சம் பேசவிடுங்கள்.

மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது நான் வருவேன். என்னோடு இன்னும் நான்கைந்து ஆவண எழுத்தர்கள் வருவார்கள். ஆளுக்கு முப்பது, நாற்பது ஆண்டுப் பத்திரங்கள் மனப்பாடம். ஒரே ஒரு வேண்டுகோள்: வண்ணப் படங்களும், 2046இல் சென்னை எப்படி மின்னும் என்ற ஓவியங்களும் எங்களுக்கு வேண்டாம். நிலையங்களின் பெயர், அவற்றைச் சுற்றியுள்ள சர்வே எண்கள், ஒவ்வொன்றும் இன்று யார் பெயரில் என்ற பட்டியல். இவ்வளவும் தமிழில், எழுத்து சற்றுப் பெரிதாக. கண்ணாடி போட்டும் சிறு எழுத்து தெரிவதில்லை.

இப்படிக்கு,
தெற்குப் புறநகரின் ஆவண எழுத்தர் ஒருவர்